கைப்பைக்குள் எந்தக் கத்தி?



நான் பாத்திரக்கடை வைத்திருக்கிறவன். சில மாதங்களுக்கு முன்பு நம் சபைச் சகோதரி ஒருவர் கடைக்கு வந்தார். ஷிப்ட் முடிந்து ராத்திரி 11 மணிக்கு பஸ் இறங்கி, விளக்கில்லாத தெருவிலே ஒற்றையாய் நடந்து வீடு சேருகிறவர். "பிரதர், கைப்பையில வச்சுக்க ஒரு கத்தி வேணும். எது நல்லதுன்னு நீங்களே சொல்லுங்க" என்றார்.

வியாபாரி அல்லவா, கத்திகளை எடுத்துப் பரப்பினேன். மடக்குக் கத்தி பைக்கு அடக்கம். ஆனால் நடுங்குகிற கையால் அதை விரிக்கவேண்டும். பூட்டு இல்லாததாயிருந்தால், குத்தும்போது மடங்கிப் பிடித்தவர் விரலையே வெட்டும். காய்கறிக் கத்தியில் பிடிக்கும் அலகுக்கும் நடுவே தடுப்பு கிடையாது. வேகமாய்க் குத்தினால் கை வழுக்கி அலகின்மேல் போய்விடும். கறிவெட்டுகிற கத்தி பெரிது. பலசாலி பறித்துக்கொண்டால் அது அவன் ஆயுதம். இருபுறமும் கூரான குத்துக்கத்தியை நான் விற்பதில்லை. அது மனுஷனைக் குத்துவதற்கென்றே செய்தது. ஆயுதச் சட்ட விதிகளும் 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகை ஆயுதமாக எண்ணுகின்றன; வீட்டு வேலைக்கும் விவசாயத்துக்கும் செய்தவைகளுக்கு விலக்கு உண்டு.

இவ்வளவும் சொல்லிவிட்டு, "இதை வச்சு என்ன செய்வீங்க சிஸ்டர்?" என்று கேட்டேன். "தெரியல பிரதர். பயமா இருக்கு" என்றார். கண் கலங்கியிருந்தது.

எனக்கு என் பழைய நாட்கள் ஞாபகம் வந்தது. கடைப் பணத்தோடு ராத்திரி வீட்டுக்குப் போகையில் நானும் மடக்குக் கத்தி வைத்திருந்தேன். ஒருநாள் பின்னாலே யாரோ ஓடிவருகிற சத்தம். கத்தியை விரித்துக்கொண்டு திரும்பினேன். ஒரு பதினாலு வயசுப் பையன், கையிலே என் சாவிக்கொத்து. "மாமா, கீழ விழுந்திருச்சு" என்றான். இன்னும் இரண்டடி கிட்டே வந்திருந்தால்! அன்று ராத்திரி முழங்காலில் நின்று அழுதேன். கத்தி இடுப்பிலிருந்த நாளெல்லாம், பின்னால் வருகிற ஒவ்வொருவனும் எனக்குத் திருடனாகத்தான் தெரிந்தான்.

அப்படியானால் தேவபிள்ளை தன்னைக் காத்துக்கொள்வதே பாவமா? வேதம் அப்படிச் சொல்லவில்லை. யாத்திராகமம் 22-ம் அதிகாரத்தைப் பாருங்கள். ராத்திரியில் கன்னமிட வந்த திருடன் அடிபட்டுச் செத்தால் வீட்டுக்காரன்மேல் இரத்தப்பழி இல்லை; சூரியன் உதித்திருந்தால் பழி உண்டு. இருட்டிலே வந்தவன் திருட வந்தானா, கொல்ல வந்தானா என்று தெரியாது. வெளிச்சத்திலே முகம் தெரியும், கூப்பிட்டால் நாலு பேர் வருவார்கள். நம்மைக் காத்துக்கொள்ள இடங்கொடுத்த தேவன், திருடன் உயிருக்கும் கணக்குக் கேட்கிறார்! 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவும் தற்காப்பு உரிமையைக் கொடுத்து, தேவைக்கு மிஞ்சின தீங்கு செய்யக்கூடாது என்கிறது.

கெத்செமனேயிலே பேதுருவிடம் பட்டயம் இருந்தது. பயமும் பதற்றமும் சேர்ந்து வீசினான். மல்குஸின் வலதுகாது அறுந்தது. பேதுரு வெட்டினதைப் பேதுருவால் ஒட்டவைக்க முடியவில்லை. ஆண்டவர்தான் தொட்டு சுகமாக்கவேண்டியதாயிற்று.

சகோதரிக்கு நான் கத்தி விற்கவில்லை. "ஜெபம் பண்ணுங்க சிஸ்டர்" என்று மட்டும் சொல்லி அனுப்பவும் மனச்சாட்சி இடங்கொடுக்கவில்லை. நெகேமியா 4-ம் அதிகாரம் என்னை உணர்த்தியது. அலங்கம் கட்டினவர்கள் இடுப்பிலே பட்டயம் கட்டியிருந்தார்கள், மெய்தான். ஆனால் அதோடு ஜெபமும் பண்ணினார்கள், ராப்பகல் காவலும் வைத்தார்கள். எக்காளச் சத்தம் கேட்ட இடத்துக்கு எல்லோரும் கூடிவரவேண்டும் என்பது ஏற்பாடு. ஒருவனையும் ஒற்றையாய் விடவில்லை!

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் மூப்பர்களிடம் பேசினேன். இப்பொழுது முறைவைத்து, ஒரு சகோதரரும் அவர் மனைவியும் தினமும் 11 மணிக்கு டார்ச்லைட்டோடு பஸ் ஸ்டாப்பிலே நிற்கிறார்கள். தெருவிளக்குக்கு மனு கொடுத்திருக்கிறோம். சகோதரியின் பையிலே ஒரு விசில் இருக்கிறது. ஆபத்தென்றால் கூச்சல்போட்டு ஓடவும் 112-க்குக் கூப்பிடவும் வாலிபப் பெண்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறோம். தாக்கப்பட்ட ஒரு பெண் கையில் அகப்பட்டதைக்கொண்டு தன்னைக் காத்துக்கொண்டால், அவளைக் குற்றவாளியாகத் தீர்க்க நான் துணியமாட்டேன். ஆனால் அந்த நிலைக்கு அவளைத் தனியே விட்ட சபைக்கு என்ன தீர்ப்பு?

பிரியமானவர்களே, உங்கள் தெருவிலே ஒற்றையாய் நடந்துவருகிறது யார்? கடையிலே கத்தி தேடி வருமுன்னே, நாம் அவர்களைத் தேடிப் போவோமா? அதற்குக் கர்த்தர்தாமே நமக்குக் கிருபை தருவாராக. ஆமென். மாரநாதா!