கருவிகளின் இணக்கம்

ஒரு பொருளை வாங்கப் புறப்படுகிற மனிதன் கடைக்காரரிடம் கேட்கும் முதற்கேள்வி, “இருப்பதில் எது உயர்ந்தது?” என்பதே. தனித்து நின்று தன் காரியத்தைத் தானே முடித்துக்கொள்ளும் பொருளாயின் அந்தக் கேள்வி நியாயமானதுதான். ஆனால் மடிக்கணினி, அதற்கு மின்சாரம் ஊட்டும் சார்ஜர், மேஜைமேல் நிறுத்துவதற்கு ஒரு மானிட்டர் என்று மூன்றையும் ஒருசேர வாங்க வேண்டிய நிலையில் இருப்பவர், அந்தக் கேள்வியை மும்முறை கேட்டு, மூன்று விடைகளைப் பெற்று, மூன்று உயர்ந்த பொருள்களை வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகும், வேலை நடக்காமல் விழித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கக் கூடும். சிறப்பு வேறு, இணக்கம் வேறு என்ற இந்த உண்மை கணினி வாங்குவதோடு முடிந்துவிடுவதன்று. ஆகையால்தான் இதைப் பற்றிச் சற்று நின்று யோசிக்கலாமென்று தோன்றுகிறது.

நான் காளஹஸ்திவாசி, சித்தூர் ஜில்லாவில் பிறந்து, 2022 ஏப்ரலில் ஜில்லாக்கள் பிரிக்கப்பட்டபோது, இருந்த வீட்டைவிட்டு ஓரடியும் நகராமலே திருப்பதி ஜில்லாக்காரனானவன். தெலுங்கிலிருந்து தமிழுக்கு மொழிபெயர்ப்பது என் ஜீவனம். வாயு ஸ்தலமென்றும், கண்ணப்பர் கண்ணீந்த இடமென்றும், ராகு கேது பூஜைக்குரிய க்ஷேத்திரமென்றும் வெளியூரார் அறிந்திருக்கும் எங்கள் ஊரிலிருந்து திருப்பதி செல்லும் வழியில், ஏர்ப்பேடு, ரேணிகுண்டாப் பக்கங்களில், சில ஆண்டுகளாகவே வேறொரு வகைக் கைங்கரியம் நடந்துவருகிறது. சென்னையைச் சேர்ந்த முனோத் நிறுவனம் 165 கோடி ரூபாய் முதலீட்டில் நிறுவிய லித்தியம் மின்கலத் தொழிற்சாலையின் முன்னோட்ட உற்பத்தியை 2022 செப்டம்பரில் மத்திய இணையமைச்சராயிருந்த ராஜீவ் சந்திரசேகர் தொடங்கிவைத்தார். 10 ஆம்பியர்-மணி கொள்ளளவுள்ள மின்கலங்கள் நாளொன்றுக்கு 20,000 செய்யும் திறன் அதற்கு உண்டென்று அப்போதைய அரசாங்க அறிவிப்பு கூறிற்று. விக்ருதமாலாவில் டிசிஎல் குழுமத்தின் ஆலை தொலைக்காட்சிக்கும் கைபேசிக்கும் உரிய திரைப்பலகைகளைச் செய்கிறது. பாக்ஸ்லிங்க் நிறுவனம் இணைப்புக் கேபிள்களைச் செய்கிறது.

ஆக, மின்னைச் சேமிக்கும் கலமும், காட்சி தரும் திரையும், இரண்டையும் சேர்க்கும் கம்பியும் ஒரே வட்டாரத்தில், ஒன்றையொன்று பார்த்திராத தொழிலாளிகளின் கைகளால் உருவாகின்றன. முகம் தெரியாதவர்கள் செய்த உறுப்புகள் ஒரு மேஜையின்மேல் ஒன்றாகக் கூடி உழைக்க வேண்டுமானால், அவற்றுக்குள் முன்கூட்டியே ஓர் உடன்படிக்கை இருந்தாக வேண்டும். அந்த உடன்படிக்கையைச் சரிபார்ப்பது வாங்குகிறவரின் கடமை என்பதுதான் நாம் மறந்துவிடுவது.

எதிர் வீட்டில் பொறியியல் படிக்கும் பிள்ளை ஒருவன் இருக்கிறான். விலைப்பட்டியல்களை மாதக்கணக்கில் ஆராய்ந்து, படங்களை வரைவதற்கு ஏற்ற வலிமையான மடிக்கணினி ஒன்றையும், கைக்கு அடக்கமான 45 வாட் சார்ஜர் ஒன்றையும், 27 அங்குல மானிட்டர் ஒன்றையும், ஒவ்வொன்றும் அதனதன் வகையில் முதல் தரமென்று பெயரெடுத்ததாகப் பார்த்து, வெவ்வேறு கடைகளில் வாங்கிவந்தான். மறுநாள் என்னிடம் வந்து, “மாமா, மூணும் நல்ல சாமான்தான்; ஆனா ஒண்ணோட ஒண்ணு பேச மாட்டேங்குது” என்றான். போய்ப் பார்த்தேன். மின்சாரத்தில் இணைத்திருக்கும்போதே கணினியின் பாட்டரி கண்ணெதிரே குறைந்துகொண்டிருந்தது. அந்தக் கணினி முழு வேகத்தில் உழைக்கையில் கேட்பது 100 வாட், சார்ஜர் கொடுப்பதோ அதில் பாதிகூட இல்லை. மானிட்டரோ கறுப்பு முகத்தில் “நோ சிக்னல்” என்ற வாசகத்தை மட்டும் மிதக்கவிட்டுக்கொண்டு, சிறிது நேரத்தில் தூங்கிப்போயிற்று. கணினியின் இடப்பக்கத்தில் அச்சில் வார்த்தாற்போல் ஒரேமாதிரி இரண்டு டைப்-சி துவாரங்கள் இருந்தன. அவற்றுள் ஒன்றின் அருகில் மட்டும் கடுகளவில் ஒரு குறி. காட்சியை வெளியே அனுப்பும் ஆற்றல் அந்த ஒன்றுக்கே உண்டு. அவன் செருகியிருந்ததோ மற்றதில். அதுவும் கைபேசியோடு வந்த, மின்சாரம் கடத்துவதற்கென்றே செய்த கேபிளைக் கொண்டு.

உருவம் ஒன்றாயிருப்பதால் சுபாவமும் ஒன்றாயிருக்கும் என்று நம்பிவிடுவது மனித இயற்கை. முற்காலத்தில் ஒவ்வொரு கணினிக்கும் ஒவ்வொரு விதமான சார்ஜர் முனை இருந்தது. பொருந்தாதது பெரும்பாலும் செருகுவதற்கே இடங்கொடாது. ஆகவே ஏமாற்றமும் அங்கேயே முடிந்துவிடும். இப்போது முனைகளெல்லாம் ஒன்றாகிவருகின்றன. ஐரோப்பிய ஒன்றியம் 2022-இல் இயற்றிய சட்டம், 2024 டிசம்பர் 28 முதல் கைபேசிகளுக்கும், 2026 ஏப்ரல் 28 முதல் மடிக்கணினிகளுக்கும் டைப்-சி வாயிலைக் கட்டாயமாக்கிற்று. வீடுதோறும் அலமாரியில் உறங்கும் பழைய சார்ஜர்களின் குவியலைக் கண்டவர் எவரும் இதை வரவேற்கவே செய்வர். எனினும், எல்லா வாயிலும் ஒன்றாகத் தோன்றும் காலத்தில்தான், உள்ளே என்ன இருக்கிறது என்று விசாரித்து அறிய வேண்டிய பொறுப்பு அதிகமாகிறது.

சார்ஜர் விஷயத்தில் அந்த விசாரணையைக் கருவிகள் தாமே செய்துகொள்கின்றன என்பது ஆறுதலான செய்தி. இக்காலத்து டைப்-சி சார்ஜர், இணைத்தவுடன் தன் வலிமையெல்லாம் காட்டிப் பாய்ந்துவிடுவதில்லை. முதலில் 5 வோல்ட் மட்டும் கொடுத்து, 9, 15, 20 வோல்ட்டுகளில் தன்னால் எவ்வளவு தரக்கூடும் என்ற பட்டியலைக் கணினிக்கு அறிவிக்கிறது. கணினி தனக்கு வேண்டியதைக் கேட்கிறது. இருவருக்கும் சம்மதமான பிறகே மின்னழுத்தம் உயர்கிறது. ஆகையால் 65 வாட் போதுமான கணினிக்கு, இந்த முறைக்கு உட்பட்ட 100 வாட் சார்ஜரை இணைப்பதால் கெடுதல் எதுவுமில்லை. கேட்டதற்குமேல் அது கொடுப்பதில்லை. நடுவே நிற்கும் கேபிளையும் கவனிக்க வேண்டும். சாதாரணக் கேபிள் 3 ஆம்பியர், அதாவது 20 வோல்ட்டில் 60 வாட் வரையே தாங்கும். 5 ஆம்பியர் செல்ல வேண்டுமானால் தன் தகுதியைத் தெரிவிக்கும் சில்லு ஒன்று கேபிளுக்குள்ளேயே இருக்க வேண்டும். 2021-இல் வந்த திருத்தம் 48 வோல்ட் வரை உயர்த்தி 240 வாட்டுக்கு இடங்கொடுத்திருக்கிறது. கொடுப்பவர், பெறுபவர், இடையே தூது செல்பவர் என்ற மூவரில் எவர் பலவீனமோ அவர் அளவுக்குத்தான் காரியம் நடக்கும்.

தனித்தனிச் சிறப்பு ஒன்றுகூடும்போது விபரீதமாகலாம் என்பதற்கு எங்கள் ஊரின் ஸ்தல புராணத்தைவிடத் தெளிவான சாட்சியம் எனக்குத் தெரியவில்லை. நாகம் லிங்கத்துக்கு மாணிக்கம் சார்த்திப் பூஜித்தது. யானை பொன்முகலியாற்று நீரைத் துதிக்கையில் கொணர்ந்து அபிஷேகம் செய்து வில்வம் இட்டது. இரண்டின் பக்தியிலும் குறை சொல்ல முடியாது. ஆனால் யானையின் கண்ணுக்கு மாணிக்கம் வெறுங் கல். நாகத்தின் கண்ணுக்கு வில்வம் வெறுங் குப்பை. ஒன்று செய்ததை மற்றொன்று நாள்தோறும் அகற்றி, கடைசியில் நாகம் துதிக்கைக்குள் புகுந்து கடிக்க, வேதனை தாளாத யானை பாறையில் மோதிக்கொள்ள, இரண்டும் மடிந்தன. கருணையுள்ள இறைவன், தன்னை அங்கே பூஜித்த சிலந்தியோடு சேர்த்து மூன்றுக்கும் முக்தியளித்து, ஸ்ரீகாளஹஸ்தி என்று மூன்றின் பெயரையும் ஊருக்கு வைத்தான். விற்ற சாமானைத் திரும்ப எடுத்துக்கொள்ளாத கடைக்காரரிடம் அத்தகைய கருணையை எதிர்பார்ப்பதற்கில்லை.

கணினி, சார்ஜர், மானிட்டர் என்ற மூன்றிலும் மிகக் குறைவாக ஆலோசிக்கப்படுவது மானிட்டர். என் அபிப்பிராயத்தில் முதலில் ஆலோசிக்கப்பட வேண்டியதும் அதுவே. மடிக்கணினியில் திரையும் விசைப்பலகையும் ஒரே கீலில் பிணைக்கப்பட்டிருப்பதால், கைக்கு வசதியாக வைத்தால் கழுத்து குனிகிறது, கண்ணுக்கு வசதியாக உயர்த்தினால் கை தொங்குகிறது. தூக்கிச் செல்லும் கணினிக்குத் தனித்திரை தேவைப்படுவதும் புதிதன்று. தூக்கிச் செல்லத்தக்க கணினியென்று 1981-இல் விற்பனைக்கு வந்த ஆஸ்போர்ன்-1, சுமார் 11 கிலோ எடையும் 5 அங்குலத் திரையும் உடையதாயிருந்தது. வெளித்திரை ஒன்றை இணைத்துக்கொள்ள அதிலேயே ஒரு வழியும் வைத்திருந்தார்கள். நாற்பதாண்டுகளுக்கு மேலாகி எடை குறைந்த பின்னும், நாள் முழுதும் உட்கார்ந்து எழுதுகிறவருக்கு, மேல் விளிம்பு கண்மட்டத்துக்கு நேராகவோ சிறிது தாழ்ந்தோ, கை நீட்டும் தூரத்தில் நிற்கும் ஒரு தனித்திரையைப்போல் உபகாரமானது வேறில்லை.

தமிழில் படிக்கிறவர்களுக்கு இதில் விசேஷமான அக்கறை ஒன்றும் உண்டு. 1920-க்கு 1080 புள்ளிகள் கொண்ட திரை 24 அங்குலமாயிருந்தால் அங்குலத்துக்கு ஏறத்தாழ 92 புள்ளிகள் கிடைக்கும். அதே புள்ளிகளை 27 அங்குலத்தில் பரப்பினால் 82-க்குள் குறைந்துவிடும். 27 அங்குலத்தில் 2560-க்கு 1440 என்றால் 109 வரை ஏறும். எண்ணாகப் பார்த்தால் அற்ப வித்தியாசம். ஆனால் புள்ளி அடர்த்தி குறைந்த பெரிய திரையில் சிறிய எழுத்தில் ஒரு பக்கத்தைத் திறந்து பாருங்கள்: ‘ண’வின் சுழிகள் ஒன்றோடொன்று கலந்து ‘ன’வாக மயங்கும்; மெய்யெழுத்தின் தலையிலுள்ள புள்ளி எழுத்தோடே ஒட்டிக்கொள்ளும். நேர்க்கோடுகள் மிகுந்த ரோமன் எழுத்துக்குப் போதுமான திரை, சுழியும் வளைவுமான நம் எழுத்துக்கும், தெலுங்குக்கும், போதுமென்று கொள்ள முடியாது. பெரிதாயிருப்பதால் தெளிவாயிருக்கும் என்பது, நம்மில் பலர் மானிட்டரைப் பற்றி மட்டுமல்லாமல் மனிதர்களைப் பற்றியும் கொண்டிருக்கும் தப்பெண்ணம்.

கருவிகளின் இணக்கம் எப்படியிருக்க வேண்டுமென்று காண விரும்புகிறவர், காளஹஸ்தியில் கலங்காரி எழுதும் கலைஞர்களின் வீட்டுத் திண்ணையில் சிறிது நேரம் உட்கார்ந்திருந்தால் போதும். கமலாதேவி சட்டோபாத்யாயா முதலியோரின் முயற்சியால் சென்ற நூற்றாண்டின் நடுவில் புத்துயிர் பெற்ற கலை அது. மூங்கிற் குச்சியைச் சீவி, நுனிக்குச் சற்று மேலே துணியைச் சுற்றி நூலால் கட்டியிருப்பார்கள். சாயத்தில் தோய்த்து எடுத்து, அந்தத் துணிப்பந்தை விரலால் மெல்ல அழுத்த அழுத்த, வேண்டிய அளவு மட்டும் நுனிக்கு இறங்கும். காடாத் துணியைக் கடுக்காயும் பாலும் கலந்த நீரில் ஊறவைத்து உலர்த்தியிருப்பார்கள். பாலிலுள்ள கொழுப்பு, சாயம் கோட்டைத் தாண்டிப் பரவாமல் பிடித்து நிறுத்தும். இரும்புத் துண்டுகளையும் வெல்லத்தையும் நீரில் பலநாள் புளிக்கவைத்த சாயம், கடுக்காய் ஏறிய துணியைத் தொட்டவுடன் கறுக்கும். மூங்கில், துணி, சாயம் என்ற மூன்றில் எதுவும் விலையுயர்ந்ததன்று. தனியே எடுத்தால் எவரும் திரும்பிப் பார்க்கவும் மாட்டார். ஒன்றுக்காக ஒன்று பக்குவப்பட்டிருப்பதே அவற்றின் பெருமை. அந்தக் கலைஞர் எழுதுகோலைத் தேர்ந்தெடுக்கையில் அவர் மனத்திலிருப்பது எழுதப்போகும் கோடுதான்; மெல்லிய கோட்டுக்குக் கூரிய கோல், நிறம் நிரப்புவதற்குத் தடித்த கோல். வேலையிலிருந்து கருவிக்கு வருகிறார். கருவியிலிருந்து வேலைக்குப் போவதில்லை.

நாமோ பெரும்பாலும் தலைகீழாகச் செல்கிறோம். இன்று செய்யும் வேலைக்காக அல்லாமல், என்றோ ஒருநாள் செய்யப்போவதாக நினைத்திருக்கும் வேலைக்காக வாங்குகிறோம். சினிமாப் படம் தொகுக்கப்போகிறவராகவும், சங்கீதம் அமைக்கப்போகிறவராகவும் நம்மைப் பற்றி நாமே வரைந்துகொண்ட ஒரு கற்பனைப் புருஷருக்கு நம் சம்பாத்தியத்திலிருந்து கணினி வாங்கிக் கொடுத்துவிட்டு, கடிதம் எழுதவும் கணக்குப் பார்க்கவும் மட்டுமே அதை நாம் இரவல் வாங்கி உபயோகிக்கிறோம். விரலுக்குத் தகுந்த வீக்கம் என்று நம் பெரியோர் சொன்னது பணத்தை மாத்திரம் உத்தேசித்ததன்று.

அப்படியானால் எதிர்காலத்தை எண்ணுவதே பிழையா என்று கேட்கலாம். பிழையன்று, எதை எண்ணுவது என்பதில்தான் விவேகம் வேண்டும். இன்றைய மெல்லிய மடிக்கணினிகள் பலவற்றில் ரேம் நினைவகம் தாய்ப்பலகையோடு பற்றவைக்கப்பட்டுவிடுகிறது. வாங்கிய பின் கூட்ட வழியில்லை. அங்கே 8 ஜிபிக்குப் பதில் 16 ஜிபி என்று சிறிது தாராளமாயிருப்பது தீர்க்கதரிசனம். கோப்புகளைச் சேமிக்கும் எஸ்எஸ்டியோ பலவற்றில் பின்னால் மாற்றிக்கொள்ளத்தக்கது; அங்கே முன்கூட்டிய தாராளம் வீண் செலவு. பின்னர் திருத்த முடியாதவற்றில் தாராளமும், திருத்தக்கூடியவற்றில் சிக்கனமும் காட்டுவது என்ற இந்த விதி, வீடு கட்டுவதற்கும் பிள்ளைகளைப் படிக்கவைப்பதற்கும்கூடப் பொருந்துவதாகவே நான் காண்கிறேன்.

ஆகவே, கணினி வாங்கப் போகும் அன்பர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். நாள்தோறும் உண்மையில் செய்கிற வேலையை அரைத்தாளில் எழுதிக்கொண்டு கடைக்குச் செல்லுங்கள். கண்ணுக்கும் மொழிக்கும் ஏற்ற மானிட்டரை முதலில் பாருங்கள். அதனோடு பேசத் தெரிந்த கணினியை அடுத்துப் பாருங்கள். கணினி கேட்கும் வாட்டுக்குக் குறையாத சார்ஜரையும், அதைத் தாங்கும் கேபிளையும் கடைசியாக எடுங்கள். பிறகு மூன்றையும் அந்தக் கடை மேஜையிலேயே இணைத்துக் காட்டச் சொல்லி, சிறிய எழுத்தில் ஒரு தமிழ்ப் பக்கத்தைத் திறந்து, நிதானமாக ஒரு பத்தி படித்துப் பாருங்கள். பணத்தை அதற்கப்புறம் கொடுத்தால் போதும்.