பலி என்று பெயர் வைப்பது யார்?

கொல்லப்பட்டவர்களைப் ‘பலியானார்கள்’ என்கிறோம். யாருக்குப் பலி? யார் கொடுத்த பலி? ஜப்பானில் நாகசாகி நகரின் உரக்காமி மாதா கோயில் கதை இந்தக் கேள்வியை நம் முன்னால் வைக்கிறது.

உரக்காமி கிறிஸ்தவர்கள் இருநூறு வருசத்துக்கும் மேலாக வேதத்தை ஒளித்துவைத்துக் காப்பாற்றிய ஏழைக் குடியானவர்கள். 1867இல் பிடிபட்டார்கள். 3,300 பேருக்கு மேல் ஊரைவிட்டுத் துரத்தப்பட்டார்கள். 600 பேருக்கு மேல் போன இடத்திலேயே செத்தார்கள். 1873இல் திரும்பியவர்கள், வருசாவருசம் கிறிஸ்து உருவத்தைக் காலால் மிதிக்க வைத்த ஊர்த்தலைவன் வீட்டு மனையையே பின்னாளில் விலைக்கு வாங்கினார்கள். 1895இல் அங்கே செங்கல் கோயில் எழும்பத் தொடங்கியது. 1914இல் கட்டி முடித்தார்கள்.

பக்கத்திலேயே இன்னொரு சனம் இருந்தது: புராக்குமின். தோல் வேலை செய்ததால் தீட்டென்று ஒதுக்கப்பட்டவர்கள். 1867இல் கிறிஸ்தவர்களைப் பிடித்துக்கட்ட அதிகாரம் ஏவிவிட்டது இவர்களைத்தான். மிதிபட்டவன் கையில் கயிற்றைக் கொடுத்து இன்னொரு மிதிபட்டவனைக் கட்டச் சொல்வது ஆண்டைகளுக்குப் புதுசா என்ன? கயிறு கொடுத்தவன் ஒதுங்கிக்கொண்டான். பகை அடிமட்டத்திலேயே தங்கிவிட்டது.

1945 ஆகஸ்ட் 9. அமெரிக்காவின் அணுகுண்டு கோயிலிலிருந்து சுமார் 500 மீட்டரில் வெடித்தது. ஆகஸ்ட் 15 மாதா திருநாளுக்காகப் பாவசங்கீர்த்தனம் செய்ய வந்தவர்களும் கேட்ட சாமியார்களும் செத்தார்கள். 12,000 கத்தோலிக்கரில் சுமார் 8,500 பேர் போனார்கள். புராக்குமின் குடியிருப்பும் எரிந்து சிதறியது. குண்டு யாரிடமும் குலம் கேட்கவில்லை. நகரத்தார் கேட்டார்கள். குண்டு நாகசாகியில விழல, உரக்காமியிலதான் விழுந்துச்சு. அந்நிய சாமியைக் கும்பிட்டதுக்குத் தண்டனை என்றார்கள். வினைப்பயன் என்று கேட்டுப் புண்பட்ட நம் காதுக்கு இந்தப் பேச்சு நன்றாகவே பழக்கம்.

இந்தப் பேச்சுக்குப் பதிலாகத்தான், 1945 நவம்பர் 23 அன்று இடிபாட்டின் முன் நடந்த பூசையில் மருத்துவர் தகாஷி நாகாய் பேசினார். குண்டுக்கு மனைவியைப் பறிகொடுத்தவர் அவர். இது தண்டனையல்ல, போரை முடிக்க இறைவன் ஏற்றுக்கொண்ட தகனபலி என்றார். அழுதுகொண்டிருந்தவர்களுக்கு அந்தச் சொல் மருந்தானது. அதைக் கேலி பேச நமக்கு உரிமையில்லை.

ஆனாலும் யோசிக்க வேண்டியிருக்கிறது. தண்டனை என்றாலும் பலி என்றாலும் எல்லாம் கடவுள் கணக்கில் போய்விடுகிறது. போரை நடத்திய பேரரசும் குண்டு போட்ட வல்லரசும் தப்பித்துவிடுகின்றன. இன்னொன்று: கிறிஸ்தவர் சாவு பலியென்றால், பக்கத்தில் எரிந்த புராக்குமின் சாவுக்கு என்ன பேர்? அந்தப் பலிபீடத்தில் அவர்களுக்கு இடமே இல்லையே.

1958இல் இடிபாட்டை அகற்றினார்கள். 1959இல் புதுக்கோயில் வந்துவிட்டது. 1981இல் ஜப்பானுக்கு வந்த போப் இரண்டாம் ஜான் பால், போர் மனிதன் செய்யும் வேலை என்று ஹிரோஷிமாவில் அறிவித்தார். இதைக் கேட்கவே 36 வருசம் ஆயிற்று.

துக்கப்படுகிறவர் தன் வலிக்கு எந்தப் பேர் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளட்டும். அந்தப் பேரை வைத்து மற்றவர்கள் கணக்கை முடித்துவிடக் கூடாது. செத்தது யாரு, கொன்னது யாரு, எண்ணாம விட்டது யாரை? மூன்றையும் சேர்த்துக் கேட்காத நினைவஞ்சலி, கொன்றவனுக்குத்தான் ஆறுதல்.