கணக்குத் தவறுகிறவனுக்குக் கடையில் இடமுண்டா?

புத்தி மந்தம் என்று நாம் ஒரே சொல்லால் ஒதுக்கிவிடுகிறவர்கள் எல்லாரும் ஒரே தன்மையர் அல்லர். ஒருவருக்கு எழுத்துக் கூடாது. ஒருவருக்குச் சத்தம் தாங்காது. மற்றொருவருக்கு எல்லாம் உண்டு, கணக்கு மட்டும் மனத்தில் நிற்காது. வைத்தியர்கள் ஆட்டிசம், டிஸ்லெக்சியா, டவுன் சிண்ட்ரோம் என வெவ்வேறு பெயர் சொல்கிறார்கள். மலேசியாவில் 2008-ம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் சட்டம் அறிவு வளர்ச்சியில் குறை உள்ளவர்களையும் தன்னுள் அடக்குகிறது. ஆயினும் பெட்டியடியில் யாரை உட்காரவைப்பது என்பதை முதலாளிதானே தீர்மானிக்கிறார்!

நம் லாத்தாவின் மகன், வயது 22, பினாங்கில் நம் மளிகைக் கடையில் இருக்கிறான். சாமான் கட்டுவதில் அவனுக்குள்ள ஒழுங்கு நமக்கே இல்லை. சீரகமும் சோம்பும் அவன் கையில் ஒருநாளும் மாறியதில்லை. காசு வாங்கும்போதுதான் தடுமாறுவான். ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்கு முன் நல்ல கூட்டம். 5 வெள்ளி நோட்டும் 50 வெள்ளி நோட்டும் இரண்டுமே பச்சைச் சாயல் அல்லவா? 5 கொடுத்தவருக்கு 50 கொடுத்ததாக எண்ணி மீதி கொடுத்துவிட்டான். வாங்கியவர் எண்ணிப் பார்த்துவிட்டுப் பேசாமல் போனார் என்று அருகில் நின்ற வேலையாள் பிறகு சொன்னார். அந்த வாடிக்கைக்காரரை நாம் ஒன்றும் கேட்கவில்லை. மருமகனைப் பின்கட்டுக்கு அனுப்பினோம்.

"நஷ்டம் அவனுக்கும் வேண்டாம், நமக்கும் வேண்டாம்" என்றோம் லாத்தாவிடம். அவர் கேட்டார்: "தம்பி, ஏமாத்துனவரு வெளியே நடமாடுறாரு, ஏமாந்தவன உள்ள போட்டுட்டியா?"

இரண்டு வருஷம் நம்மிடம் அதற்குப் பதில் இல்லை.

மதரஸாவில் ஓதிய ஒரு ஹதீஸ் பிறகே நினைவுக்கு வந்தது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் தோழர் ஒருவர், கொடுக்கல் வாங்கலில் அறிவு தளர்ந்தவர்; ஏமாந்து வந்தார். வீட்டார் வந்து, இவரை வியாபாரம் செய்யாமல் தடுத்துவிடுங்கள் என்றார்கள். நபியவர்களும் முதலில் அவரைத் தடுத்தார்கள். அவரோ தம்மால் வியாபாரத்தை விட்டிருக்க முடியாது என்றார். அதன்மேல், பேரம் பேசும்போது ஏமாற்று இருக்கக்கூடாது என்று எதிராளியிடம் சொல்லிவிடுமாறு அவருக்கு வழிகாட்டினார்கள். வீட்டார் கேட்டது தடை, அவருக்குக் கிடைத்ததோ ஒரு துணைச்சொல். அதைக் கேட்டபின் பொறுப்பு எதிரில் நிற்பவர்மேல் ஏறிவிடுகிறது. இதை வைத்துச் சரக்கைத் திருப்பும் உரிமைபற்றி இமாம்கள் நிறைய விவாதித்திருக்கிறார்கள். அது ஆலிம்கள் பாடு. நம்மைக் குத்தியது, நாம் அந்த வீட்டாரின் பக்கம் நின்றதே.

மறுபடி அவனைப் பெட்டியடிக்குக் கொண்டுவந்தோம். பெட்டியின் ஒவ்வோர் அறையிலும் அந்தந்த நோட்டின் படம் ஒட்டினோம். மீதி கொடுத்து முடியும்வரை வாங்கிய நோட்டு மேசைமேல் கிடக்கவேண்டும், உள்ளே போகக்கூடாது. ஒரு நேரத்தில் ஒரு வேலைதான் சொல்வோம். கூட்டமும் இரைச்சலும் மிகுந்த வேளையில் அவன் சாமான் கட்டப் போய்விடுவான். காதைப் பொத்திக்கொண்டு யார்தான் கணக்குப் பார்ப்பார்?

இதற்கெல்லாம் நேரம் ஏது என்று சகவியாபாரி ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். நேரம் பிடிக்கிறது, சில நாள் காசும் குறைகிறது. குறைந்ததை நம் பற்றில் எழுதுகிறோம், அவன் சம்பளத்தில் பிடிப்பதில்லை. தனி ஆள் வைத்து நடத்தும் சிறு கடைக்காரருக்கு இது முடியாமற்போகலாம்; அவரை நாம் குறைசொல்ல மாட்டோம். நமக்கு முடிந்திருந்தும் இரண்டு வருஷம் செய்யவில்லை.

நோட்டைக் கையில் வாங்கியதும் "அஞ்சு வெள்ளி" என்று உரக்கச் சொல்லும்படி லாத்தா அவனுக்குப் பழக்கியிருக்கிறார். அந்தப் பழைய வாடிக்கைக்காரர் இன்னும் நம் கடைக்கு வருகிறார். இப்போது அவரும் நோட்டை நீட்டும்போதே தொகையைச் சொல்லிவிடுகிறார்.