கேட்டால் சொல்லலாம்

பழைய கார் விற்பவருக்குப் புரோக்கர் தரும் முதல் யோசனை, "கேட்டா மட்டும் சொல்லுங்க சார்" என்பதுதான். சட்டமும் ஏறக்குறைய அவர் பக்கம். 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், தெரிந்த உண்மையை முனைந்து மறைத்தால் மோசடி என்கிறது; வெறுமே வாய்மூடி இருப்பதைப் பொதுவாக அப்படிச் சொல்வதில்லை. பார்க்க ஆள் வருவதற்குள் எஞ்சினை ஓடவிட்டுச் சூடாக்கி வைக்கிறார்களே, அது எதில் சேரும்? காலையில் முதல் ஸ்டார்ட்டில் வரும் கடகடப்பு வந்தவர் காதில் விழாது. கெட்டியான ஆயிலை ஊற்றிச் சத்தத்தை அடக்குவதும் அப்படித்தான். யாரும் ஒரு பொய்கூடப் பேசவில்லை.

என் சிக்கல் இதைவிடச் சின்னது, அதனாலேயே குழப்பமானது. நான் விற்க நினைத்தது, இந்தியாவில் கடையைக் கட்டிவிட்ட ஒரு கம்பெனியின் கார். பெயர் வேண்டாம், அப்படிப் போனவை ஒன்றிரண்டு அல்ல. ஷெவர்லே 2017 இறுதியோடு இங்கே விற்பனையை நிறுத்தியது. ஃபோர்டு 2021-இல் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. மறுவருடம் மறைமலை நகர் ஆலையில் வேலை நின்றது. இப்படிப்பட்ட வண்டிகளுக்கும் ஆயில் ஃபில்டர், பிரேக் பேட் எல்லாம் கிடைக்கும், வெளிக் கம்பெனிகளும் செய்கின்றன. அந்த மாடலுக்கென்றே செய்த ஸ்டியரிங் ராக், ஹெட்லைட், கதவுப் பூட்டு போன்றவைதான் பாடாய்ப் படுத்தும். கிடங்கில் இல்லையென்றால் புதுப்பேட்டைக்குப் போய், உடைத்த வண்டியில் கழற்றியதை வாங்க வேண்டும். அது எத்தனை நாள் உழைக்கும் என்று கடைக்காரரும் சொல்ல மாட்டார்.

"ஸ்டியரிங்கில் லேசாகச் சத்தம் வரும்" என்று சொல்லிவிட்டால் போதுமா? தெருவுக்குத் தெரு பார்ட்ஸ் கிடைக்கும் மாருதியில் அது ஒரு நாள் வேலை. என் வண்டியில் வாரக்கணக்கில் அலைச்சல். இரண்டு வண்டிக்கும் அதே வாக்கியம், இரண்டிலும் உண்மை. வாங்குகிறவர் தலையில் விழப்போவது சத்தம் அல்ல, அலைச்சல். அதைத்தான் அந்த வாக்கியம் சொல்லவில்லை.

பழைய கார்ச் சந்தையை வைத்து ஜார்ஜ் ஏக்கர்லாஃப் 1970-இல் ஒரு கட்டுரை எழுதினார். 2001-இல் பொருளாதார நோபல் பெற்றார். குறை விற்பவருக்கு மட்டுமே தெரியும் என்றால், வாங்குபவர் எல்லா வண்டிக்கும் சந்தேக விலையே கொடுப்பார். நல்ல வண்டிக்காரர் ஒதுங்கிவிடுவார் என்பது அவர் வாதம். என் அனுபவத்தில், வாய்திறந்து சொல்பவனுக்கும் சந்தேக விலைதான். "இவ்வளவு சொல்றவர் இன்னும் எவ்வளவு மறைக்கிறாரோ!"

மெக்கானிக் ஒருவர் வாங்க வந்திருந்தால் நான் பேசவே வேண்டியதில்லை. மாடல் பெயர் போதும், மீதியை அவர் எனக்கே சொல்வார். கடன் வாங்கி வீட்டின் முதல் காரைத் தேடி வருபவருக்கு எதைக் கேட்பதென்றே தெரியாது. "கேட்டா மட்டும்" என்ற யோசனை வேலை செய்வதே அவரிடம்தான்.

எனக்கு வாய்த்தவர் இரண்டாம் ரகம். கிடங்கில் ராக் இல்லாததையும் புதுப்பேட்டைச் சரக்கு மாட்டியிருப்பதையும் சொன்னேன். புரோக்கர் போனை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். வந்தவர் யோசித்தார், விலையில் கணிசமாக வெட்டினார், கடைக்காரர் நம்பரையும் வாங்கிக்கொண்டார். வெட்டியது கொஞ்சம் அதிகம்தான் என்று எனக்கு இன்றும் தோன்றுகிறது.