கொடையும் கூலியும்

ஏழைக்குப் புத்தகம் கொடுப்பது புண்ணியம், யார் மறுப்பார்கள்? ஆண்ட்ரூ கார்னெகி உலகில் 2,500க்கு மேற்பட்ட நூலகங்கள் கட்டப் பொருள் தந்தார்.

ஆனால் அமெரிக்காவின் ஹோம்ஸ்டெட் எஃகு ஆலையும் அவருடையதே. 1892இல் கூலிக் குறைப்பை ஏற்காத தொழிலாளர்களை வெளியே நிறுத்திக் கதவடைத்தது நிர்வாகம். ஜூலை 6 அன்று சுமார் 300 தனியார் காவலர்கள் படகில் வந்தார்கள். மோதலில் இரு தரப்பிலும் உயிர்கள் போயின. கார்னெகி அப்போது ஸ்காட்லாந்தில் இருந்தார். தொழிற்சங்கம் நொறுங்கியது; 12 மணி நேர வேலை நிலைத்தது.

1898இல் அந்தத் தொழிலாளர்களுக்கும் அவர் தந்த நூலகம் திறந்தது. பகலெல்லாம் உலைமுன் வெந்தவன் எப்போது போய்ப் படிப்பான்?

கூலியை எப்படிச் செலவிடுவதென்று உழைத்தவன் முடிவு செய்கிறான். கொடையிலோ அந்த முடிவும் கொடுப்பவருடையது. நூலகம் நல்லதுதான். அதில் யாருடைய கூலி அடங்கியிருக்கிறது என்று கேட்பதும் நல்லதுதான்.