யாரை மன்னிப்பது?

உறவை இழந்து துடிக்கும் குடும்பத்தாரிடம், "மன்னித்துவிடுங்கள், மற்றதை ஆண்டவர் பார்த்துக்கொள்வார்" என்று கூறுவது எங்களைப் போன்ற குருக்களின் வழக்கம். பல ஆண்டுகளுக்கு முன்பு, மோதிவிட்டு நிற்காமல் சென்ற ஒரு வாகனத்தால் மகனை இழந்த தாயிடம் நானும் அவ்வாறே கூறினேன். அவர் நிமிர்ந்து பார்த்து, "யாரைச் சாமி மன்னிக்கிறது?" என்று கேட்டார். என்னிடம் மறுமொழி இல்லை. அதே கேள்வியை முப்பது ஆண்டுகளாகச் சுமந்துவரும் குடும்பங்கள் அர்ஜென்டினாவில் உள்ளன.

1994 ஜூலை 18, திங்கட்கிழமை காலை 9.53 மணி. தலைநகர் புவனோஸ் ஐரிஸில், யூத சமூகத்தாரின் 'ஆமியா' மையக் கட்டடம் வெடிகுண்டுத் தாக்குதலில் தகர்ந்து வீழ்ந்தது. 85 பேர் மாண்டனர். 300 பேருக்கும் மேல் காயமுற்றனர். இறந்தோரின் உறவினர் சிலர், 'செயல்படும் நினைவு' எனப் பொருள்படும் 'மெமோரியா ஆக்டிவா' என்னும் அமைப்பாக இணைந்தனர். பல்லாண்டுகள், திங்கள்தோறும், அதே 9.53 மணிக்கு நீதிமன்ற மாளிகையின் எதிரேயுள்ள சதுக்கத்தில் கூடி நின்றனர். யூத மரபின்படி ஆட்டுக்கடாவின் கொம்பு ஊதப்பட்டது.

இது பழிவாங்கும் வேட்கை அன்றோ எனச் சிலர் கேட்கலாம். அவ்வழக்கின் போக்கே அதற்கு விடை தருகிறது. புலனாய்வை நடத்திய நீதிபதி, கைதி ஒருவருக்கு 4 இலட்சம் டாலர் கிடைக்கச் செய்து, காவல்துறையினர் சிலருக்கு எதிராகச் சாட்சியம் பெற்றார். 2004இல் குற்றம் சாட்டப்பட்டோர் அனைவரும் விடுவிக்கப்பட்டனர். பழிவாங்க விழைபவருக்கு யாரேனும் ஒருவர் அகப்பட்டால் போதும். இக்குடும்பங்களுக்கோ அது போதவில்லை. உண்மையை மறைத்தவர்களும் விசாரிக்கப்பட வேண்டும் என வாதாடினர். 2019இல் அந்நீதிபதியே தண்டனை பெற்றார். நாட்டுக்கு வெளியேயும் அவர்கள் முறையிட்டதன் பயனாக, தாக்குதலைத் தடுக்கவும் முறையாகப் புலனாயவும் அரசு தவறியது என 2024இல் அமெரிக்க நாடுகளின் மனித உரிமை நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆயினும், அந்த முப்பதாம் ஆண்டிலும், தாக்குதலை நடத்தியதற்காக எவரும் தண்டிக்கப்பட்டிருக்கவில்லை. ஈரானையும் ஹிஸ்புல்லாவையும் அர்ஜென்டினா நீதித்துறை குற்றம் சாட்டுகிறது, ஈரான் மறுக்கிறது.

2005இல் நீதி கோரும் விண்ணப்பம் ஒன்றில் அந்நகரின் பேராயரும் கையெழுத்திட்டார். பின்னாளில் திருத்தந்தை பிரான்சிஸ் ஆன கர்தினால் பெர்கோலியோவே அவர்.

யூதரும் நாமும் ஒருங்கே வாசிக்கும் தொடக்க நூலை எண்ணிப் பாருங்கள். ஆபேல் கொலையுண்டபின் இறைவன் முதலில் செய்தது விசாரணை. காயினிடம் தம்பியைப் பற்றி வினவினார். மண்ணிலிருந்து எழுந்த இரத்தத்தின் குரலைக் கேட்டார். பிறகு, காயினை எவரும் கொன்றுவிடாதபடி அவன்மேல் அடையாளமும் இட்டார். உண்மையை வெளிக்கொணர்வதும் பழியைத் தடுப்பதும் அங்கே ஒரே கரத்தின் செயல்கள்.

முகம் தெரியாதவரையும் உள்ளத்தில் வெறுக்காதிருக்க இறையருள் துணைபுரியும். ஆனால் வெறுப்பைக் கைவிடுவது வேறு, வழக்கைக் கைவிடுவது வேறு. தம்மைச் சுட்ட அலி அக்காவைத் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் மன்னித்தார். 1983இல் சிறைக்கே சென்று சந்தித்தார். எனினும் 2000ஆம் ஆண்டு வரை அம்மனிதர் இத்தாலியச் சிறையில்தான் இருந்தார். மன்னிப்பு அத்தண்டனையை நீக்கவில்லை. தண்டனை அம்மன்னிப்பைக் குறைக்கவுமில்லை. மேலும், தம்மைத் தாக்கியவர் யார் என்பதைத் திருத்தந்தை அறிந்திருந்தார். அந்தத் தாய்க்கோ அதுவும் கிட்டவில்லை.

மன்னிப்பு, காயமுற்றவர் மட்டுமே அளிக்கக்கூடிய கொடை. அதை அவரிடம் கேட்டு வாங்கும் உரிமை நமக்கு இல்லை. நமது கடமை அதற்கு முந்தியது. அத்தாய் இன்று என்னிடம் வந்தால், மன்னிப்பைப் பற்றிப் பேசுமுன் அவருடைய மனுவை எழுதிக் கொடுப்பேன்; காவல் நிலையத்தின் படியை அவரோடு சேர்ந்து ஏறுவேன்.