பத்து நொடி அலை

வட கடல். ஸ்காட்லாந்தின் பீட்டர்ஹெட் கரையிலிருந்து சுமார் 25 கிலோமீட்டர். ஐந்து காற்றாலைகள். தரையில் கால் ஊன்றாதவை.

2017 முதல் மிதக்கின்றன. ஹைவிண்ட் என்று பெயர்.

நீருக்கு மேல் 175 மீட்டர். நீருக்குக் கீழ் 78 மீட்டர், ஒற்றை எஃகுத் தூணாக. தூணின் அடியில் இரும்புத்தாது. கனம் அங்கே இருப்பதால் நிமிர்ந்து நிற்கிறது.

அலை வருகிறது.

நீர் தன் இடத்திலேயே ஒரு வட்டம் போடுகிறது. ஏறக்குறையப் புறப்பட்ட இடத்துக்கே திரும்புகிறது. வடிவம் மட்டும் போய்க்கொண்டிருக்கிறது.

பத்து நொடிக்கு ஒன்றாக வரும் அலை. ஆழமான நீரில் அதன் நீளம் 156 மீட்டர். பாதி, 78. தூணின் ஆழமும் அதுவே.

தற்செயலாகவே இருக்கலாம். மனம் அங்கே சற்று நிற்கிறது.

நான்கு மீட்டர் அலை என்றால் மேலே நீர் போடும் வட்டத்தின் குறுக்களவும் நான்கு மீட்டர். இறங்க இறங்க வட்டம் சுருங்குகிறது. தூணின் அடிமுனையில் ஒரு சாண் கூட இல்லை.

இருட்டு. குளிர். ஒரு சாணுக்குள் போய்வரும் நீர்.

மேலும் கீழுமாக ஒருமுறை போய்வர, இந்தத் தூணுக்கு அரை நிமிடம் அளவுக்கு வேண்டும். அலைக்கு அவ்வளவு பொறுமை இல்லை. தூக்கத் தொடங்குகிறது, முடிக்குமுன் இறக்குகிறது. கனத்த ஊஞ்சலைக் குழந்தை அவசர அவசரமாகத் தள்ளுவதுபோல.

தூண் அசைகிறது. கொஞ்சம்தான்.

அலைகள் கூட்டமாக வருகின்றன. பெரியவை சில. பிறகு சிறியவை. மறுபடி பெரியவை.

கூட்டம் போவது அலையின் பாதி வேகத்தில். ஓர் அலை கூட்டத்தின் பின்னால் பிறக்கிறது, நடுவில் உயர்கிறது, முன்னால் போய் இல்லாமல் ஆகிறது. கூட்டம் இருக்கிறது.

கூட்டத்தின் மெதுவான தள்ளலுக்குத் தூண் இணங்குகிறது. நிமிடக்கணக்கில் போகிறது, வருகிறது. பத்து நொடிக்கு மசியாதது இதற்கு மசிகிறது.

தூணைக் கடலடியோடு பிணைக்க மூன்று சங்கிலிகள். ஒவ்வொன்றின் முனையிலும், கீழ்ப்பக்கம் திறந்த ஓர் எஃகு உருளை. உள்ளிருக்கும் நீரை வெளியே இறைக்கும்போது, சுற்றியுள்ள கடலின் அழுத்தமே உருளையை மண்ணுக்குள் இறக்கிவிடுகிறது.

காற்று வலுக்கிறது. இறக்கைகள் தம்மைச் சற்றுத் திருப்பிக்கொள்கின்றன, அதிகமாக வாங்காமல். சுழற்சி சீராக இருக்க அப்படி ஓர் ஏற்பாடு. தரையில் நிற்கும் காற்றாலைக்கு அது போதும்.

இங்கே, அலை கோபுரத்தைக் காற்றை நோக்கிச் சாய்க்கிறது. காற்று கூடிவிட்டதாக இயந்திரம் எடுத்துக்கொள்கிறது. இறக்கை திரும்புகிறது. அதுவரை கோபுரத்தைத் தாங்கிப் பிடித்திருந்த காற்று பிடி தளர்கிறது. கோபுரம் இன்னும் சாய்கிறது.

பின்னால் போகும்போது காற்று குறைந்ததாகத் தோன்றுகிறது. இறக்கை அதிகம் வாங்குகிறது. காற்று பின்னிருந்து இழுப்பதுபோல் ஆகிவிடுகிறது.

அலை தொடங்கியதை இயந்திரம் வளர்க்கிறது. அதன் அக்கறையினாலேயே.

பொறியாளர்கள் அதை நிதானப்படுத்துகிறார்கள். காற்றோடு சேர்த்து, தான் ஆடுவதையும் அது உணரும்படி செய்கிறார்கள். எல்லா அசைவுக்கும் பதில் சொல்லாதிருக்க ஓர் இயந்திரம் பழகுகிறது.

மூச்சு தானாக நீள்கிறது.

2017 டிசம்பர். கரோலைன் புயல். அலைகள் 8 மீட்டரைத் தாண்டுகின்றன. உச்சத்தில் இறக்கைகள் நிறுத்தப்படுகின்றன. தணிந்ததும் தாமாகவே சுழலத் தொடங்குகின்றன.

புயலுக்குப் பெயர் இருக்கிறது. மற்ற நாட்களின் அலைகளுக்கு இல்லை.

பத்து நொடிக்கு ஒன்று. ஆண்டுக்கு 31 லட்சத்துக்கு மேல். ஒவ்வொன்றுக்கும் சங்கிலியில் ஒரு சிறு இழுப்பு.

காற்றில் இருக்கும் எஃகுக்கு ஓர் எல்லை உண்டு. அதற்குக் கீழான இழுப்பு எத்தனை முறை வந்தாலும் அதைக் களைப்பாக்குவதில்லை. உப்புநீரில் அரிபடும் எஃகுக்கு அந்த எல்லை இல்லை. கணக்குப் போடுகிறவர்கள் சிறிய அலைகளையும் எழுதிக்கொள்கிறார்கள்.